மேசை மீற்றர் வாங்கச் சொன்ன காரணங்கள்

செப்டெம்பர் 23, திங்கள்

காலையிலிருந்து மழை. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கடல் உப்பு. ஈயம் உருக்கும் பற்றாசுக் கோலின் நுனியில் மறுபடியும் பச்சை. அரத்தால் தேய்த்தாயிற்று. மங்களம் கூப்பன் அரிசி எடுக்கப் போய் நனைந்துகொண்டு வந்தாள். அரிசியும் நனைந்துவிட்டது. அதற்கும் புருஷன்தான் காரணம் போல ஒரு பார்வை.

வாத்தியாரின் றேடியோ திரும்பவும் வந்துவிட்டது. இரண்டு தடவை திருத்திக் கொடுத்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து ரிக்ஷாவில், சாக்குப் போர்த்தி, பிள்ளையைப் போல் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். மகள் சரோவுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கும் இராமசாமி வாத்தியார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். கோபம் வந்தாலும் குரல் உயராது. அதுதான் எனக்குக் கஷ்டம்.

"சார், கோச்சுக்காதீங்க. கீழ் ஸ்தாயி சுத்தமா இருக்கு. மேல போனா கரகரங்குது. நேத்து திருச்சி ரேடியோவுல ஒரு வயலின் கச்சேரி, பாதியில நிறுத்திட்டேன். தகர டப்பாவ ஆணியால கீறுற மாதிரி இருந்துச்சு."

போட்டுப் பார்த்தோம். யாரோ பாடினார்கள். வாத்தியார் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "இதோ, பாருங்க... இதோ, திரும்பவும்!" என்றார். ஒவ்வொரு தடவையும் எலுமிச்சம்பழம் கடித்தது போல முகம் சுருங்கியது.

எனக்குப் பாட்டு சுத்தமாகக் கேட்டது. கரகரப்பே இல்லை.

"ஓம், ஓம், கேக்குது. திருத்தித் தாறன்," என்றேன்.

நவராத்திரிக் கச்சேரிகள் தொடங்கப் போகின்றனவாம், கொஞ்சம் சீக்கிரம் என்றார். தலையாட்டினேன். அவர் போன பிறகு அதே பெட்டியின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

செப்டெம்பர் 24, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. வெயில் கொளுத்துகிறது.

வா. (வாத்தியார்) பெட்டி. ஸ்பீக்கரை மாற்றினேன். கடைசி வால்வை மாற்றினேன். பழையதையே திரும்பப் போட்டேன். வழக்கமான முறை: ஈர விரலால் ஒவ்வொரு வால்வின் உச்சியையும் தொட்டுக்கொண்டு வருவது. உயிர் இருந்தால் ஸ்பீக்கர் 'கொர்' என்னும். எந்த இடத்தில் 'கொர்' மெலிகிறதோ அங்கே கோளாறு. வெள்ளவத்தை முழுவதும் சொல்கிற பேச்சு: தம்பையாட்டைக் குடு, மீற்றரும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், மனுசன் காதாலேயே பிடிப்பார். என்னிடம் இருப்பதும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பற்றரி மீற்றர்தான். பற்றரி செத்ததா உயிரோடிருக்கிறதா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

'கொர்' நன்றாகவே கேட்கிறது. தடித்த சத்தம் எல்லாம் கேட்கிறது. அதனால்தான் இத்தனை மாதம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். திருத்தினேனா இல்லையா என்று தெரிய வேண்டும் என்றால் அந்தக் கரகரப்பு எனக்குக் கேட்க வேண்டுமே! கேட்காத ஒன்று போய்விட்டதா இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மங்களத்திடம் கேட்டேன்: "பாட்டு எப்பிடிக் கிடக்கு?"

"நல்லாத்தான் கிடக்கு," என்றாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. அவளுக்குப் பாட்டு வந்தாலும் சந்தை விலை வந்தாலும் ஒன்றுதான்.

பின்னேரம் கடற்கரைக்குப் போக ரயில் பாதையைக் கடந்தேன். கேற்காரன் ஓடி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தான். "மாத்தயா! கோச்சிய எனவா! பிஸ்ஸுத?" ரயில் என் சாரத்தின் நுனியைக் காற்றில் தூக்கிக்கொண்டு போனது. விசில் அடித்தானாம், இரண்டு தரம் அடித்தானாம். பைத்தியமா என்று அவன் கேட்டதில் பிழையில்லை.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். காது போகிறது. மெல்லிய சத்தங்கள் முதலில். நுளம்பின் சத்தம் கேட்டு எவ்வளவு காலம்! நுளம்பு குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கடிக்கு மட்டும் குறைவில்லை.

செப்டெம்பர் 25, புதன்

ஈயம் வாங்கப் போகிறேன் என்று மங்களத்திடம் சொல்லிவிட்டு ஹெவ்லொக் டவுனில் காது டாக்டரிடம் போனேன்.

கவைக் கம்பு போன்ற இரும்புக் கவர் ஒன்றைத் தட்டி, அது ஒலிக்க நெற்றியில் வைத்தார். கேட்டது. மெல்லிய சத்தம் தரும் சின்னக் கவரைத் தட்டிக் காதருகே பிடித்தார். அவர் விரல் அதிர்வதைக் கண்டேன். "கேட்கிறதா?" என்று கண்ணால் கேட்டார். "இல்லை" என்று வாயால் சொன்னேன். இன்னும் சின்னது. இல்லை. அவர் எழுதிக்கொண்டே போனார்.

போன வருஷம் மலேரியாவுக்குக் கொயினா நிறையச் சாப்பிட்டேனா என்றார். சாப்பிட்டேன். அதனாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நரம்பு. மருந்து இல்லை. கீழ்ச் சத்தம் இன்னும் கொஞ்சக் காலம் இருக்கும். என்ன தொழில் என்றார்.

"கிளாக்கர்," என்றேன். எழுத்து வேலைக்காரன் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. றேடியோ திருத்துகிறவன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கண் தெரியாதவன் தையல்காரன் என்று சொல்வது போல.

வெளியே வந்து ஒரு பிளேன்ரீ. அழுகை வந்தது. கடைக்கார நானா, "என்ன மிளகாய் கடிச்சிட்டீங்களா?" என்றார். வெறும் தேத்தண்ணியில் ஏது மிளகாய்!

ஈயம் வாங்க மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கடை பூட்டு என்றேன்.

செப்டெம்பர் 26, வியாழன்

நவராத்திரி தொடக்கம். சரோ கொலுவுக்குப் பதிலாகப் புத்தக அலுமாரியின் மேல் தட்டைத் துடைத்து சரஸ்வதி படம் வைத்திருக்கிறாள். பதினான்கு வயசுப் பிள்ளைக்கு வேண்டிய அளவு பக்தி, வேண்டியதற்கு மேல் ஊதுபத்தி.

இரவெல்லாம் யோசித்தது: காதுக்குப் பதில் கண். சத்தத்தைக் கேட்க முடியாவிட்டால் அளக்கலாம். ஊசி காட்டும். அதற்கு நல்ல மீற்றர் வேண்டும், மேசையில் நிற்கிற பெரியது.

பம்பலப்பிட்டிக்குப் போனேன். மிஸ்டர் பெர்டினான்ட்ஸ், கப்பல் வயர்லெஸில் இருந்து ஓய்வு பெற்ற பறங்கிக் கிழவர். அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் போய்ச் சேரப் போகிறார். வீடு முழுவதும் பலகைப் பெட்டிகள், வைக்கோல். வேலை மேசை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை. அதன் நடுவில் அது.

கறுப்புப் பெட்டி. சாப்பாட்டுக் கோப்பையளவு முகம். அளவுக் கோட்டுக்குக் கீழே ஒரு கண்ணாடிக் கீற்று. ஊசியும் அதன் நிழலும் ஒன்றாகும்படி பார்த்தால் வாசிப்பில் பிழை வராது. நடுவில் ஒரு பெரிய குமிழ். வோல்ட், அம்பியர், ஓம் எல்லாம் அதற்குள்ளே. சிவப்புக் கம்பி, கறுப்புக் கம்பி.

முன்பு ஒரு நாள் இதே அறையில் இவர் இதே மீற்றரை வைத்துக்கொண்டு ஒரு செற்றைக் குடைந்துகொண்டிருந்தார். நான் கதவடியில் நின்று கேட்டுவிட்டு, இன்ன கொண்டென்சர் என்று விரல் நீட்டினேன். சரியாக இருந்தது. அப்போது சொன்னேன்: "அந்தப் பெட்டியை விற்றுவிட்டு ஒரு காது வாங்குங்கள்." கிழவர் அதை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பார்!

இன்றைக்கு என்னைக் கண்டதும் ஆங்கிலத்தில் கேட்டார்: "என்ன தம்பையா, காதை விற்க வந்தீரா?"

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

மீற்றர் யாருக்கு என்றார். என் தமக்கையின் மகனுக்கு, தொழில் பழகுகிறான் என்றேன். எனக்குத் தமக்கையே இல்லை. துறைமுகப் பக்கத்திலிருந்து ஒருவன் திங்கட்கிழமை மத்தியானம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறானாம். அதற்கு முன்னால் வந்தால் எனக்கு. விலை படிந்தது.

பிறகு குழந்தையை ஒப்படைப்பது போலப் பாடம் எடுத்தார். பயன்படுத்தாதபோது குமிழைப் பெரிய வோல்ட்டில் வை. சின்ன அளவில் வைத்துவிட்டுப் பெரிய இடத்தைத் தொட்டால் ஊசி போய் ஓரத்தில் முட்டும். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். கேட்ட உடனே கையை எடுத்துவிடு, இல்லாவிட்டால் ஊசி வளையும், சுருள் எரியும்.

"உம்முடைய காதுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை," என்றார்.

செப்டெம்பர் 27, வெள்ளி

மங்களத்திடம் சொன்ன காரணங்கள், சொன்ன வரிசையில்:

யுத்தம் முடிந்துவிட்டது, புது செற்றுகள் வரப் போகின்றன, வால்வு கூட, மீற்றர் இல்லாமல் முடியாது.

மேசை மீற்றர் தானே நிற்கும். கையில் பிடிக்கத் தேவையில்லை. கறுப்புக் கம்பியைப் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் கொளுவிவிட்டு ஒரு கையாலேயே வேலை செய்யலாம், மற்றக் கை முதுகுக்குப் பின்னால். மின்சாரம் ஒரு கையால் ஏறி மறு கையால் இறங்கினால் இடையில் இருப்பது நெஞ்சு. (மற்றவர்கள் காற்சட்டைப் பைக்குள் என்பார்கள். சாரத்துக்குப் பை ஏது. ஆகவே முதுகு.)

கிழவர் போய்விட்டால் இப்படி ஒன்று கொழும்பில் கிடைக்காது.

எதிர்த்த தெருவில் கடை போட்டிருக்கிறவனிடம் இருக்கிறது.

கடைசிக் காரணம்தான் பிழையாய்ப் போய்விட்டது. "அவனிட்டை இருக்கிறதெல்லாம் உங்களுக்கு வேணுமோ? நேற்றுவரைக்கும் மீற்றர் வைச்சிருக்கிறவன் எல்லாம் குருடன், தடவிப் பாக்கிறான் எண்டு சொன்னனீங்கள்."

சொன்னேன்தான். எங்கே சொல்லவில்லை? கலியாண வீட்டில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன். என் வாயே எனக்கு எதிர்க்கட்சி.

"இஞ்சருங்கோ, உண்மையா ஏன் வேணும்?"

"வேணும் எண்டா வேணும்!" என்று கத்திவிட்டேன். அவள் இடியப்பத் தட்டுகளை அடுக்கினாள். தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று விழும் சத்தம் எனக்குப் பஞ்சு போலக் கேட்டது.

இன்றைக்குச் செய்த வேலை: ஒன்றுமில்லை. வா. பெட்டி மேசையிலேயே.

செப்டெம்பர் 28, சனி

சரோவைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனை. பஸ்ஸில் கோட்டை வரை, பிறகு நடை. வயலின் பெட்டி என் கையில். வழியெல்லாம் அவள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். சந்தடியில் பாதிதான் பிடிபட்டது. சிரித்தபோது சிரித்தேன்.

வாத்தியார் பெட்டியைப் பற்றிக் கேட்பார் என்று பயந்துகொண்டு போனேன். கேட்டார். துறைமுகத்தில் சாமான் வந்திருக்கிறது, ஒரு பாகம் எடுக்க வேண்டும் என்றேன். இன்னொரு பொய். அவர் வேறு ஒன்றுக்கு வந்தார்.

"சார், ஒங்க பொண்ணப் பத்தி ஒண்ணு சொல்லணும். கை நல்ல கை. ஆனா சோம்பல் வந்துடுச்சு. மேல் ஸ்தாயில வர்றத எல்லாம் கீழ எறக்கி வாசிக்குது. நான் சொல்லிக்குடுத்தது ஒண்ணு, வாசிக்கிறது ஒண்ணு. வீட்டுல அப்படித்தான் சாதகம் பண்ணுதுன்னு நெனைக்கிறேன். விஜயதசமி அன்னிக்கு சாயங்காலம் கோயில்ல வாசிக்கணும். மேல போக வேண்டிய எடத்துல விரல் தானா கீழ வருது. நாலு பேரு முன்னாடி மானம் போயிடும்."

சரோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் என்று அவர் கேட்டார். அவள் வில்லின் திருகைத் தளர்த்தத் தொடங்கினாள்.

வரும் வழியில் பஸ்ஸில் நானும் ஏசினேன். "கஷ்டம் எண்டா விட்டுடு. பாதி வேலை செய்யிற பழக்கம் எங்கட வீட்டில இல்லை." பாதி வேலை செய்வதைப் பற்றி நான் பேசுகிறேன்! அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை. விம்மல் எனக்குக் கேட்காத பக்கத்துச் சத்தமாகிவிட்டது.

செப்டெம்பர் 30, திங்கள்

வானம் மப்பு. காலையிலேயே பம்பலப்பிட்டி.

மீற்றர் வீட்டுக்கு வந்துவிட்டது. மடியில் வைத்து, சாக்குப் போர்த்தி, ரிக்ஷாவில். வாத்தியார் வந்த மாதிரியே.

கிழவர் வாசல் வரை வந்து கை கொடுத்தார். "தமக்கையின் மகனிடம் சொல்லும், ஊசியைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்," என்றார். அவர் என் வாயைப் பார்க்காமல் காதைப் பார்த்துச் சொன்னது போலிருந்தது. எனக்குத்தான் எல்லாம் அப்படித் தெரிகிறதோ.

மங்களம் மீற்றரைப் பார்த்தாள். "இதுக்கு வேற தூசி துடைக்க வேணும்," என்றாள். அவ்வளவுதான். கோபம் ஆறிவிட்டது போல. அல்லது அலுத்துவிட்டது.

சரோ என்னோடு கதைக்கவில்லை. சாதகமும் இல்லை.

ஒக்டோபர் 1, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும்.

காலையில் வா. பெட்டியின் மின்னழுத்தம் பார்க்கத் தொடங்கினேன். கறுப்புக் கம்பி சட்டத்தில். இடது கை முதுகில். பற்றரி ஒன்றைப் பார்த்துவிட்டுக் குமிழைத் திரும்ப மேலே ஏற்ற மறந்துபோனேன். காது உள்ள எவனுக்கும் இது பெரிய பிழை இல்லை.

சிவப்பு முனையைச் சரியான இடத்தில் வைப்பதற்குக் கண் பெட்டிக்குள்ளே இருக்க வேண்டும். பக்கத்திலேயே இருநூற்றைம்பது வோல்ட், வழுக்கினால் பொறி. ஆகவே கண் முனையில். மீற்றரில் இல்லை. தொட்டேன். பிடித்துக்கொண்டே இருந்தேன். அடுத்து என்ன பார்ப்பது என்று யோசித்தேன், சாவகாசமாக.

மங்களம் தேத்தண்ணியோடு வந்தவள், கோப்பையை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு என் கையைத் தட்டிவிட்டாள்.

"இஞ்சருங்கோ! அது டிக்கெண்டு அடிச்சுது! மணம் வருகுது!"

"எது அடிச்சுது?"

அவ்வளவுதான் கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் போனாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். கரண்டியால் தம்ளரைத் தட்டிக்கொண்டு நின்றாள். தட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர்.

"எவ்வளவு காலமா?"

"தெரியாது. போன மாரி தொடங்க முந்தியே."

"என்னட்டை ஒரு வார்த்தை..."

"சொன்னா? கடைக்கு ஆர் வருவினம்? காது கேக்காத றேடியோக்காரனிட்டை ஆர் பெட்டி குடுப்பினம்? சரோவின்ர படிப்பு, வீட்டு வாடகை..." சொல்லிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் நிறுத்த முடியவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேற்காரனைச் சொன்னேன். கிளாக்கர் என்று சொன்னதைச் சொன்னபோது சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஊசி வளைந்துவிட்டது. ஒரு மயிரிழை. சுழியத்தில் நிற்காமல் சற்றுத் தள்ளி நிற்கிறது. சின்னத் திருகாணியால் இழுத்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். சுருள் தப்பிவிட்டது. ஏன் தப்பியது என்று தெரியவில்லை. என் நல்ல காலம் எல்லாம் அந்தச் சுருளுக்குப் போய்விட்டது.

தேத்தண்ணி ஆறிப்போனது. இரண்டு பேரும் அதையே பகிர்ந்து குடித்தோம்.

ஒக்டோபர் 2, புதன்

வெயில்.

புது ஏற்பாடு. மங்களம் நாற்காலியைப் போட்டு மீற்றருக்கு முன்னால் இருக்கிறாள். நான் முனையை வைக்கிறேன். அவள் வாசிக்கிறாள், என் வலது பக்கமாக (அந்தக் காதுதான் கொஞ்சம் மேல்), தொண்டையிலிருந்து, கொஞ்சம் தடித்த குரலில். குமிழைத் திருப்புவதும் அவள்தான். திருப்பிவிட்டு என் முதுகில் ஒரு தட்டு. தட்டு விழாமல் தொடக் கூடாது. அது அவளுடைய சட்டம்.

"நேர நிக்குது... நூற்றி எண்பது... நேர நிக்குது..."

கடைசி வால்வின் வாசலில், சத்தம் உள்ளே போகும் முனையில் வைத்தேன். அங்கே ஊசி அசையவே கூடாது.

"ஏறுது," என்றாள். "கொஞ்சம்தான். ஆனா ஏறுது."

அதற்கு முன்னால் நின்று மின்சாரத்தை மறிக்க வேண்டிய கொண்டென்சர்தான். வெளியே பார்க்க மெழுகு பூசிய நல்ல பிள்ளை. உள்ளே கசிவு. கழற்றிவிட்டுப் புதியது. மறுபடி தொட்டேன்.

"அசையேல்லை."

கரகரப்பு போய்விட்டதா? எனக்குத் தெரியாது. ஊசிக்குத் தெரியும். எனக்கு முன்னால் ஒரு பெட்டி பாடுகிறது, அது நன்றாகப் பாடுகிறது என்று இன்னொரு பெட்டி சொல்கிறது, அதை மனைவி எனக்குச் சொல்கிறாள். சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். ஆனால் முன்பு ஒரு செற் சரியாகும்போது நெஞ்சுக்குள் ஒன்று திறக்குமே, அது வரவில்லை. அது வருகிற வழி காது.

ஒக்டோபர் 3, வியாழன்

கொட்டாஞ்சேனைக்குப் பெட்டியோடு போனேன். வாத்தியார் வீட்டில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் பெட்டியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகம் சுருங்கவில்லை. விரல்கள் தொடையில் ஆடத் தொடங்கின.

"சார், ஒங்க காதுக்கு ஒரு கும்பிடு," என்றார்.

கும்பிட்டும் விட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன், தண்ணீர் கேட்டேன்.

ஒக்டோபர் 4, வெள்ளி

சரஸ்வதி பூசை. கடை பூட்டு.

புத்தகங்கள், பென்சில் பெட்டி, மங்களத்தின் தையல் கத்தரிக்கோல், என் குறடு, திருப்புளி, பற்றாசுக் கோல் எல்லாம் படத்துக்கு முன்னால். மீற்றரைத் துடைத்து, நெற்றியில் வைப்பது போல முகத்தின் மேல் சந்தனம் வைத்தாள் மங்களம். கண்ணாடியில் வைக்காதே என்றேன். "சும்மா இருங்கோ, இவதான் இனி உங்கட காது," என்றாள். சொன்ன பிறகுதான் சரோ பக்கத்தில் நிற்பதைக் கண்டாள்.

சரோ திடுக்கிடவில்லை. வயலினை எடுத்துவந்து மீற்றருக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பட்டுத் துண்டைப் போர்த்தினாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

என் வலது பக்கத்துக்கு வந்து நின்றுகொண்டாள். இந்த வீட்டில் எல்லோரும் எப்போது வலது பக்கம் பழகினார்கள்?

"நான் வாசிக்கேக்க நீங்கள் துடையில தாளம் போடுறனீங்கள் எல்லே, அப்பா. முந்தி முழுக்கப் போடுவியள். பிறகு நான் மேல போனா உங்கட கை நிண்டிடும். கீழ வந்தா திரும்பத் தொடங்கும். நான் சும்மா சோதிச்சுப் பாத்தனான். மேல போனா நிக்குது. கீழ வந்தா போடுறியள். எப்பவும் அப்பிடி."

"அதுக்கு?"

"அதுதான் மேல வாறதை எல்லாம் கீழ வாசிச்சனான். உங்கட கை நிக்கக் கூடாது எண்டு."

பஸ்ஸில் நான் ஏசியது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது. பாதி வேலை. எங்கட வீட்டில இல்லை. என் பிள்ளை எனக்காக ஒரு வருஷப் பாடத்தையே கீழே இறக்கியிருக்கிறாள். அதற்கு வாத்தியாரிடம் ஏச்சு, அப்பனிடம் ஏச்சு. ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் பழக்கம் இது? என் பழக்கம்தான்.

மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. அவள் தலையில் கை வைத்தேன். மங்களம் கற்பூரத்தைக் கொளுத்தினாள். மணி அடித்தாள். மணி அசைந்தது.

இன்றைக்கு ஒன்றையும் தொடக் கூடாது. வயலினும் மீற்றரும் துண்டுக்கு அடியில். வீடு முழுக்க மௌனம். எனக்கு வித்தியாசம் குறைவு.

ஒக்டோபர் 5, சனி

விஜயதசமி. விடிய ஒரு தூறல், பிறகு வெயில்.

துண்டை எடுத்தோம். அவரவர் சாமானை எடுத்து ஒரு வேலையாவது செய்ய வேண்டும், அதுதான் முறை. மங்களம் ஒரு துணியை வெட்டினாள். சரோ வயலினை எடுத்து, கீழ் ஸ்தாயிக்கு விரலைக் கொண்டுபோனாள்.

"பொறு," என்றேன். "பின்னேரம் கோயில்ல எப்பிடி வாசிக்க வேணுமோ அப்பிடியே வாசி. வாத்தியார் சொல்லித் தந்த மாதிரி. மேல போ."

"உங்களுக்கு..."

"பொறு."

ஸ்பீக்கர் பேசுவது மட்டும் இல்லை, தலைகீழாகக் கொளுவினால் கேட்கவும் செய்யும். மேசையடியில் கிடந்த பழைய ஸ்பீக்கரை எடுத்து அவள் வயலினுக்கு முன்னால் நாற்காலியில் நிறுத்தினேன். அதன் கம்பிகளை எங்கள் வீட்டு றேடியோவில் கிராமபோன் கொளுவும் துளைக்குள். றேடியோவின் சொந்த ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மீற்றர். குமிழை மங்களம் திருப்பினாள். முதுகில் ஒரு தட்டு.

"சரி. வாசி."

கீழே தொடங்கினாள். கேட்டது. ஊசியும் அசைந்தது. காதும் கண்ணும் ஒரே இடத்தில். தொடையில் கை தானாகப் போட்டது.

மேலே போனாள். சத்தம் மெலிந்து, மெலிந்து, ஒரு இடத்தில் இல்லாமல் போனது. வில் போய் வந்தது. விரல் தந்தியில் அசைந்தது. அறையில் ஒன்றும் இல்லை.

ஊசி எழுந்து நின்றது. அவள் இழுக்க இழுக்க நின்றது. விரலை அசைத்தபோது அதுவும் அசைந்தது. வளைந்த ஊசிதான். ஆனாலும் அவள் எங்கே நிற்கிறாள், எவ்வளவு நேரம் நிற்கிறாள், எங்கே இறங்குகிறாள் எல்லாம் அங்கே. நான் அதைப் பார்த்தே தாளம் போட்டேன். கை நிற்கவில்லை. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கண்ணை இமைக்கவும் பயமாக இருந்தது.

முடித்தாள். "கேட்டுதா, அப்பா?"

"இல்லைப் பிள்ளை," என்றேன். இத்தனை நாளில் அவளிடம் சொன்ன முதல் உண்மை. "ஆனா கண்டனான்."

அவள் உள்ளே போன பிறகு மங்களம் சொன்னாள்: "அவள் முழுக்க உங்களைத்தான் பாத்துக்கொண்டு வாசிச்சவள். என்ன முகம் அது! பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. ஊசியைப் பார்த்தால் முகம் இல்லை.

பின்னேரம் கோயிலுக்குப் போக முன்னால் இன்னொரு தரம் வாசிக்கச் சொல்ல வேண்டும். ஊசியை மங்களம் பார்க்கட்டும். முதுகில் தட்டித் தாளம் சொல்லட்டும்.